நடுவர் காதில் விழும் ஊர்

2020 மார்ச் 14, சனிக்கிழமை இரவு. பட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஐ.எஸ்.எல். கால்பந்து இறுதி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். கோவாவின் ஃபதோர்டா மைதானம். சென்னையின் எஃப்.சி.யும் கொல்கத்தாவின் ஏ.டி.கே.யும் மோதின. கொரோனா பயத்தில் ரசிகர்களுக்குக் கதவை அடைத்துவிட்டார்கள். பந்தை உதைக்கும் சத்தம் தனியாகக் கேட்டது. கோல்கீப்பர் தன் ஆட்களைக் கத்திக் கூப்பிடுவதும், பயிற்சியாளர் எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று அதட்டுவதும் துல்லியமாகக் காதில் விழுந்தன. கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து எல்லோரும் போனபின் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்குமே, அப்படி ஒரு வெறுமை. சென்னை 1-3 என்று தோற்றது.

அதே ஃபதோர்டாவில்தான் 2015 டிசம்பர் 20 அன்று சென்னை முதல் கோப்பையை வென்றது. எதிரி யார் தெரியுமா? அந்த மண்ணுக்குச் சொந்தமான கோவா அணி. நிரம்பி வழிந்த கூட்டம் முழுக்கக் கோவாவின் பக்கம். 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னேறியதும் அங்கே கொண்டாட்டமே தொடங்கிவிட்டது. 90-வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் கை பட்டுப் பந்து அவர்கள் வலைக்குள்ளேயே போனது. அடுத்த சில நிமிடங்களில் சென்னையின் மெண்டோசா மூன்றாவது கோலைப் போட்டார். சென்னைக்கு 3-2. இரண்டாவது கோப்பை 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில். அங்கேயும் எதிரி அந்த ஊர் அணிதான். சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே கோல் போட்டு மைதானத்தை அதிர வைத்தார். கடைசியில் அங்கும் 3-2 என்று சென்னையே ஜெயித்தது. வியாசர்பாடிக்காரர் தனபால் கணேஷ் அந்த அணியில் இருந்தார்.

ஆக, ஊரே எதிர்த்துக் கத்திய இரண்டு இடத்திலும் கோப்பை வாங்கிய அணி, கத்துவதற்கு ஒருவரும் இல்லாத இடத்தில் தோற்றது. மூன்று ஆட்டத்தை வைத்து முடிவு கட்டக் கூடாதுதான். ஆனால் அன்றிரவு மனத்தில் விழுந்த கேள்வி இன்றுவரை விடவில்லை. கூட்டம் உண்மையில் ஆட்டத்தில் என்ன செய்கிறது? சொந்த மண் பலம் என்கிறோமே, அதில் மண்ணின் பங்கு எவ்வளவு, மனிதர்களின் பங்கு எவ்வளவு?

இதைச் சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் உலகத்தின் மைதானங்களை எல்லாம் ஒரே நேரத்தில் காலி செய்ய வேண்டும். யாராலும் நடத்த முடியாத அந்தச் சோதனையைக் கொரோனா நடத்திவிட்டது. 2020 மே 16-ல் ஜெர்மனியின் புண்டஸ்லிகா ஆளில்லா மைதானங்களில் மறுபடி தொடங்கியது. அதுவரை நூறு ஆட்டத்தில் நாற்பதுக்கு மேல் சொந்த அணி ஜெயித்துக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த ஆட்டங்களில் அது ஏறக்குறைய மூன்றில் ஒன்றாக இறங்கியது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் இன்னும் கடுமை. 2020-21 பருவத்தின் 380 ஆட்டங்களில் சொந்த அணி வென்றது 144, வந்த அணி வென்றது 153. இங்கிலாந்து லீக் 1888-ல் தொடங்கிய நாளிலிருந்து அதன் மேல்தட்டில் விருந்தாளி வீட்டுக்காரனைவிட அதிகம் ஜெயித்தது அதுவே முதல் முறை.

லிவர்பூலின் கதையைக் கேட்டால் யாருக்கும் மனசு கனக்கும். 2017 ஏப்ரலுக்குப் பிறகு சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் 68 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை. அந்தக் கூட்டம் பாடும் பாட்டு உலகப் பிரசித்தம். கூட்டம் இல்லாத 2021 ஜனவரியில் பர்ன்லி அங்கே வந்து ஜெயித்தது. அதற்குப் பின் வரிசையாக ஐந்து தோல்வி. ஆக மொத்தம் சொந்த வீட்டில் தொடர்ந்து ஆறு. பக்கத்து வீட்டு எவர்டன்கூட 1999-க்குப் பிறகு முதல் முறையாக அங்கே வென்றது. லிவர்பூலின் தடுப்பாட்டக்காரர்கள் பலர் அப்போது காயத்தில் இருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டு எல்லா அணிகளுக்கும் ஓய்வில்லாத அட்டவணை. அதோடு, சொந்த மண் பலம் பல பத்தாண்டுகளாகவே மெல்லத் தேய்ந்துகொண்டுதான் வருகிறது. எல்லாப் பழியையும் காலி நாற்காலி மேல் போட முடியாது.

இருந்தாலும் ஆய்வாளர்கள் பல லீக்குகளைப் புரட்டிப் பார்த்தபோது திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது ஒன்று உண்டு. கூட்டம் இல்லாதபோது வந்த அணிக்கு மஞ்சள் அட்டை குறைந்தது. நடுவர்கள் மாறவில்லை, சட்டமும் மாறவில்லை. சத்தம் மட்டும் இல்லை.

இதை முன்கூட்டியே கண்டு சொன்னவர்கள் இருக்கிறார்கள். 2002-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றில் 40 நடுவர்களுக்கு, லிவர்பூலும் லெஸ்டரும் மோதிய ஓர் ஆட்டத்தின் 47 மோதல்களை வீடியோவில் காட்டினார்கள். ஒரு பகுதியினருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, மற்றவர்களுக்குச் சத்தமே இல்லாமல். சத்தம் கேட்டவர்கள் சொந்த அணி செய்த தப்புகளைச் சுமார் 15 சதவீதம் குறைவாகக் கொடுத்தார்கள். வந்த அணி மேல் கூடுதலாகத் தப்பு சுமத்தவில்லை. சொந்த அணியைத் தண்டிக்கத்தான் கை தயங்கியது. இத்தாலியில் 2007 பிப்ரவரியில் கட்டானியா கலவரத்தில் போலீஸ்காரர் ஒருவர் இறந்தபின், பாதுகாப்பு வசதி இல்லாத மைதானங்களை அரசு பூட்டியது. அப்படிப் பூட்டி நடந்த 21 ஆட்டங்களை ஸ்வீடன் பொருளாதார அறிஞர்கள் இருவர் அலசினார்கள். ஆட்டக்காரர்களின் ஆட்டத்தில் வித்தியாசம் தெரியவில்லை. நடுவர்களின் விசிலில் தெரிந்தது.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. நம் பக்கத்துக் கபடியைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் வராது. பொங்கல் முடிந்து, கடைமடை வயலில் சம்பா அறுவடையும் ஓய்ந்தபின் பட்டுக்கோட்டையைச் சுற்றிய கிராமங்களில் களம் போட்டுவிடுவார்கள். விடிய விடிய ஆட்டம். கயிற்றுக்குப் பின்னால் நெருக்கியடித்து ஊர் நிற்கும். பாடிப் போன பையன் நாலு பேர் பிடியில் சிக்கி, நெஞ்சால் ஊர்ந்து, விரலை நடுக்கோட்டுப் பக்கம் நீட்டுகிறான். விரல் கோட்டைத் தொட்டது முந்தியா, மூச்சு விட்டது முந்தியா? பார்த்தவர் நடுவர் ஒருவர்தான். அவருக்கு முடிவு சொல்லக் கிடைப்பது கண் இமைக்கும் நேரம். அதற்குள் ஊர் முழுக்கத் ‘தொட்டாச்சு’ என்று கத்தியாகிவிட்டது. நானும் அந்தக் கயிற்றுக்குப் பின்னால் நின்று கத்தியிருக்கிறேன். நான் நின்ற இடத்திலிருந்து கோடே தெரியவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. வந்த ஊர்ப் பையன்கள் ஒன்றும் பேசாமல் வெளியே போனதையும் மறக்கவில்லை.

கூட்டம் நேர்மையான நடுவரை விலைக்கு வாங்குவதில்லை. அவருக்கே சந்தேகமாக இருக்கும் அந்த ஒரு நொடியில் மட்டும் புகுந்துகொள்கிறது. சந்தேகம் இல்லாத இடத்தில் அதற்கு வேலை இல்லை.

கிரிக்கெட்டிலும் நம் கண் முன்னாலேயே ஓர் ஒப்பீடு நடந்தது. 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு டெஸ்ட். முதல் ஆட்டத்துக்கு ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. ஜோ ரூட் 218 அடிக்க, இங்கிலாந்து 227 ரன்னில் வென்றது. இரண்டாவதற்குப் பாதி இருக்கைகளைத் திறந்தார்கள். உள்ளூர்க்காரர் அஸ்வின் சதமும் அடித்து எட்டு விக்கெட்டும் எடுக்க, இந்தியா 317 ரன்னில் வென்றது. காலி மைதானத்தில் தாங்கள் சோர்ந்து கிடந்ததாகக் கோலியே பிறகு ஒப்புக்கொண்டார். கேட்கக் கச்சிதமாகத்தான் இருக்கிறது. நான் இதைச் சாட்சியாக ஏற்க மாட்டேன். இரண்டாவது ஆட்டத்தின் பிட்ச் முதல் நாளிலேயே புழுதி பறக்கச் சுழன்றது. இரண்டு ஆட்டத்திலும் டாஸ் வென்று முதலில் ஆடிய அணிதான் ஜெயித்தது. கிரிக்கெட்டில் மண் நிஜமாகவே ஆடுகிறது. கூட்டத்தின் பங்கை அதிலிருந்து பிரித்தெடுப்பது பாலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கிற வேலை.

கால்பந்திலும் சில ஊர்களில் மண் ஆடும். தென்னமெரிக்காவின் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றைப் பாருங்கள். ஈக்வடாரின் கீட்டோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,850 மீட்டர். நம் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். 2020 நவம்பரில் காலி மைதானத்தில் அங்கே கொலம்பியா 1-6 என்று நொறுங்கியது. மூச்சு முட்டுவதற்குக் கூட்டம் தேவையில்லையே. ஆனால் அதற்கு முந்தின மாதம், அதைவிட உயரமான பொலிவியாவின் லா பாஸில் அர்ஜென்டினா 2-1 என்று வென்றது. 2005-க்குப் பிறகு அங்கே அவர்கள் ஜெயித்த முதல் தகுதிச் சுற்று ஆட்டம் அது. 2009-ல் அதே ஊரில் 1-6 என்று அடி வாங்கிய அணி! ஒன்று மலை ஜெயித்த கதை, இன்னொன்று மலை தோற்ற கதை. நாட்டுக்கு நாடு மோதும் ஆட்டங்களில் கணக்கு இப்படித்தான் கைக்குப் பிடிபடாமல் நழுவும். பிரீமியர் லீக்கில் ஒரே அணி ஆண்டுக்கு 19 முறை சொந்த வீட்டில் ஆடுகிறது. நாட்டு அணிக்குக் கிடைப்பது ஐந்தாறு. எதிரிகளும் ஒரே தரத்தில் இருப்பதில்லை.

2019 அக்டோபர் 15-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று பியோங்யாங்கில் வடகொரியாவும் தென்கொரியாவும் மோதின. ஐம்பதாயிரம் பேர் உட்காரும் கிம் இல் சுங் மைதானத்தை வடகொரியா தானாகவே காலியாக வைத்தது. நேரடி ஒளிபரப்பும் கிடையாது. முடிவு 0-0. அதே நாள் மாலை கொல்கத்தா சால்ட் லேக்கில் இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் ஆட்டம். அறுபதாயிரத்துக்கு மேல் கூட்டம். தரவரிசையில் நாம் எவ்வளவோ மேலே இருந்தோம். வங்கதேசம் முதலில் கோல் போட்டது. 88-வது நிமிடத்தில் ஆதில் கான் தலையால் முட்டித்தான் 1-1 என்று மானத்தைக் காப்பாற்றினார். 2021 ஜூனில் அதே இரண்டு அணிகளும் பொது இடமான தோஹாவில் மோதியபோது இந்தியா 2-0 என்று வென்றது. இரண்டு கோலும் சேத்ரி.

அந்தச் சேத்ரிதான் 2018 ஜூனில் கைகூப்பாத குறையாக நம்மைக் கூப்பிட்டவர். மும்பையில் சீன தைபேயுடன் இந்தியா ஆடியதைப் பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். சேத்ரி மூன்று கோல் போட்டார், இந்தியா 5-0 என்று வென்றது. மறுநாள் அவர் ஒரு வீடியோ வெளியிட்டு, திட்டுவதற்காவது மைதானத்துக்கு வாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். கென்யாவுடனான அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் முழுக்க விற்றது. அவருக்கு அது நூறாவது சர்வதேச ஆட்டம், 3-0 வெற்றி. ஏறக்குறையக் காலியான மைதானத்தில் ஐந்து கோல், நிறைந்த மைதானத்தில் மூன்று கோல். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சேத்ரியின் வேண்டுகோள் வீண் என்று தோன்றும். 2024 ஜூன் 6-ல் அவருடைய கடைசிச் சர்வதேச ஆட்டத்துக்குக் கொல்கத்தாவில் கிட்டத்தட்ட 59 ஆயிரம் பேர் திரண்டார்கள். குவைத்துடன் 0-0. வந்தவர்கள் யாரும் கோல் கணக்குக்காக மட்டும் வரவில்லை. அழுதுகொண்டே வெளியேறிய அந்த மனிதருக்குக் கைதட்ட வந்தார்கள். அதற்கு மைதானம் நிறையத்தான் வேண்டும்.

என் முடிவு இது: மைதானம் காலியானால் சொந்த மண் பலம் குறையும், ஒழியாது. குறைவதில் பெரும்பங்கு நடுவரின் விசிலில் இருந்து வருவது. கூட்டம் ஆட்டக்காரனுக்குத் தரும் தெம்பு நிஜம். அதே கூட்டம் அவன் காலைக் கட்டுவதும் நிஜம். ஃபதோர்டாவில் கோவாவுக்கு நடந்தது அதுவாகக்கூட இருக்கலாம். தெம்பும் பதற்றமும் பல நேரம் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. நடுவரின் தயக்கம் மட்டும் எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறது.

சேத்ரி ஓய்வு பெற்ற ஐந்தாம் நாள், 2024 ஜூன் 11 அன்று தோஹாவில் இந்தியா கத்தாரோடு ஆடியது. சாங்தே போட்ட கோலில் நாம் முன்னால் இருந்தோம். 73-வது நிமிடத்தில் பந்து கோல் கோட்டைத் தாண்டி வெளியே போனது; கத்தார் அணி அதை உள்ளே இழுத்து அடித்ததை நடுவர் கோல் என்றார். வீடியோ பார்த்துத் திருத்தும் வசதி அந்தச் சுற்றில் இல்லை. 1-2 என்று தோற்றோம், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்தே வெளியேறினோம். அந்தத் தவறுக்குக் கத்தார் கூட்டம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கோட்டுக்கு வெளியே போன ஒரு பந்து எத்தனை பேரின் வயிற்றெரிச்சல் என்பது அன்று நமக்குத் தெரிந்தது.

ஆகவே நம் பக்கத்து விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கபடிக்கு நடுவர்களை வெளி மாவட்டத்திலிருந்து அழையுங்கள். அவர்கள் நிற்கும் கோட்டை ஒட்டிக் கூட்டத்தை விடாதீர்கள். பார்க்க வரும் நமக்கும் ஒன்று: பையன் பாடிப் போகும்போது தொண்டை வறளக் கத்துவோம். அவன் விரல் கோட்டுக்கு வந்துவிட்டால், நடுவர் கை உயரும்வரை வாயை மூடிக்கொள்வோம்.