ஐப்பசியில் ஒரு நாள்: குண்டளை ஏரி வரை

மட்டாஞ்சேரிவாசிகளான நமக்கு மழை புதிதல்ல. இடவப்பாதி தொடங்கி ஓணம் வரை கடைவீதி முழுக்க ஈரச் சாக்கு வாசனைதான். அது ஓய்ந்த பின், துலாவர்ஷத்தின் இடிகளுக்கு நடுவே ஐப்பசியில் கிடைக்கிற சில வெயில் நாட்களுக்காக எங்கள் நண்பர் குழு ஆண்டு முழுவதும் காத்திருக்கும். மழை குடித்த மலையில் அப்போது அருவிகள் நிறைந்திருக்கும், அணைகள் ததும்பும், வெயிலும் சுடாது.

சென்ற ஐப்பசியில் மூணாறு என்று முடிவாயிற்று. பெரியவர்கள் ஏழு பேர், பிள்ளைகள் நான்கு பேர், ஒரு வேன். விடிகாலை நான்கு மணிக்குப் புறப்படுவதாகத் திட்டம். வழக்கம்போல் ஒருவர் வீட்டில் புளியோதரை கிண்டி முடியவில்லை. தோப்பும்படி பாலம் தாண்டும்போது ஐந்தாகிவிட்டது. இந்த ஒரு மணி நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

மூணாறு நமக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர். மூவாற்றுப்புழை, கோதமங்கலம் கடந்து நேரியமங்கலத்தில் பெரியாற்றைத் தாண்டினால் மலை தொடங்கிவிடும். அந்தப் பாலம் 1935இல் திறக்கப்பட்டது. அதன் வளைவுகளைப் பார்க்கவே ஐந்து நிமிடம் நிற்கலாம். அப்புறம் காட்டுப் பாதை. சீயப்பாறை அருவி சாலை ஓரத்திலேயே தட்டுத் தட்டாக இறங்குகிறது. கீழே இறங்கிக் குளிக்க ஆசை வரும், வேண்டாம். மேலே காட்டில் பெய்த மழை நமக்குத் தெரியாது, தண்ணீருக்குத்தான் தெரியும். பாறையும் பாசி பிடித்தது. நின்று நனைந்து, குரங்குகளுக்குப் பயந்து தின்பண்டத்தை ஒளித்துக்கொண்டு, வாளரா அருவியையும் எட்டிப் பார்த்துவிட்டு ஏறினோம்.

மூணாறு என்பது முத்திரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகள் கூடும் இடம். கடைவீதியில் இறங்கியதுமே காதில் விழுவது தமிழ். தேயிலைத் தோட்டங்களுக்குத் திருநெல்வேலி, மதுரைப் பக்கங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள் இவர்கள். அங்கே சுற்றித் திரியும் கொம்பன் யானைக்கு 'படையப்பா' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் பாருங்களேன்! பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கும் எங்கள் பிள்ளைகள், தமிழை வீட்டுக்குள் மட்டும் பேச வேண்டிய பாஷை என்றே நினைத்திருந்தார்கள். டீக்கடையில் அதிலேயே கணக்குக் கேட்டதும் அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மாட்டுப்பட்டி அணையருகே வேனை விட்டு இறங்கி, குண்டளை வரை ஏழெட்டு கிலோமீட்டர் நடந்தோம். நடந்தால்தான் அந்த மலை பிடிபடும். ஒரு பக்கம் யூகலிப்டஸ், மறு பக்கம் தேயிலை. திடீரென்று ஒரு வளைவில் தண்ணீர் கண்ணாடிபோல் விரியும். இந்த ஏரிகள் இயற்கையானவை அல்ல. பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940இல் ஓடத் தொடங்கிய பிறகு, அதற்கு நீர் சேர்த்து வைக்கக் கட்டிய அணைகளால் ஆனவை. நீர் தேங்கி எண்பது வருஷமாகப்போகும் குண்டளையில் இப்போது அதை யாரும் நம்பமாட்டார்கள்.

இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது! 1902இல் ஒற்றைத் தண்டவாளம், 1908இல் சிறு ரயில். மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் போய், அங்கிருந்து கம்பிவடத்தில் கீழே கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வழியாகத் தமிழ்நாட்டுக்குப் போகும். 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம், மலையாளிகள் இன்றும் 'தொண்ணூற்றொன்பதிலே வெள்ளம்' என்று சொல்வது, ரயிலையே இல்லாமல் ஆக்கிவிட்டது. நம் வில்லிங்டன் தீவில் 1947 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. முன்பு கிழக்கே இறங்கிய தேயிலை இப்போது மேற்கே நம் பக்கம் வருகிறது. ஏல வியாபாரத்தில் பழகிய எங்கள் நண்பர் ஒருவர், அந்த இலையைச் செடியில் தொட்டுப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை!

குண்டளைக்குப் போய்ச் சேர மணி ஒன்றரை. கரையில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். மோர்மிளகாயின் அருமை அந்தக் குளிரில்தான் தெரியும். இரண்டு மணிக்கு மேற்கே கருத்தது. இளவட்டங்கள் டாப் ஸ்டேஷன் போயே ஆக வேண்டும் என்றார்கள், இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பெரியவர்களில் பாதிப் பேர் வேண்டாம் என்றோம். வாக்குவாதம் முற்றி, "உங்களோடு வந்ததே தப்பு" என்கிற அளவுக்குப் போய்விட்டது. ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பியிருந்தால் இந்தச் சண்டையே இல்லை. புளியோதரைக்காரர் வாயே திறக்கவில்லை.

பக்கத்தில் சோளம் சுட்டு விற்றுக்கொண்டிருந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "தம்பி, டாப் ஸ்டேஷன் எங்கயும் போயிடாது. மழைக்கு முன்ன எறங்கிருங்க" என்றார். பிறகு தணிந்த குரலில், "பெட்டிமுடிக்கு அப்புறம் ராத்திரி மழை பெஞ்சா நாங்க யாரும் தூங்குறதில்ல" என்றார்.

அதற்குமேல் யாரும் பேசவில்லை. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் வீட்டு லயங்கள் மண்ணுக்குள் போயின. எழுபது பேர் மாண்டனர். அநேகமாக எல்லோரும் தமிழ்க் குடும்பத்தினர். உறங்கிக்கொண்டிருந்தவர்கள். நாம் ஏரி என்றும் அருவி என்றும் ஒரு நாள் போய் ரசிக்கும் அதே தண்ணீர்தான்.

பிள்ளைகளில் சின்னவன் ஒருவன் அந்த அம்மாவிடம், "பாட்டி, உங்க வீடு எங்கே இருக்கு?" என்று தமிழிலேயே கேட்டான். எதிர்ப்புறச் சரிவில் ஒரு வரிசை வீடுகளைக் காட்டினார். அவன் வெகுநேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான். மீதியிருந்த முறுக்குப் பொட்டலத்தை அவரிடம் கொடுத்துவிட்டு வந்து ஏறினான். பதிலுக்கு வேன் ஜன்னல் வழியாக நான்கு சோளக்கதிர்கள் வந்தன, காசு வாங்க மறுத்துவிட்டார்.

மாட்டுப்பட்டி தாண்டியதும் பிடித்துக்கொண்டது மழை. அப்படி ஒரு இடியை நான் கேட்டதில்லை. அடிமாலியில் சூடாகக் கட்டன் சாயா குடித்தபோது பழைய கோபம் போய், யார் காலில் அட்டை அதிகம் ஏறியது என்ற கணக்கு நடந்துகொண்டிருந்தது (உப்புப் பொட்டலம் கொண்டு போகத் தவறாதீர்கள்). வீடு சேர இரவு ஒன்பதரை.

வருகிற ஐப்பசியில் விடிகாலை மூன்று மணிக்கே கிளம்பி டாப் ஸ்டேஷன் பார்த்தே தீருவதாக இளவட்டங்கள் சபதம் போட்டிருக்கிறார்கள். முந்தின ராத்திரியே புளியோதரை கிண்டி வைக்கச் சொல்லி ஒரு வீட்டுக்கு இப்போதே ஓலை போயிருக்கிறது.