4 கோடி இலக்கம் கொண்ட பகா எண்: உங்க நெட்பேங்கிங்குக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

2024 அக்டோபரில் ஒரு எண் உலகம் முழுக்கச் செய்தியானது. 2-ஐ 13,62,79,841 முறை பெருக்கி, வரும் விடையில் 1-ஐக் கழித்தால் கிடைப்பதுதான் அந்த எண். அதில் மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். நொடிக்கு ஓர் இலக்கம் என்று தூங்காமல் எழுதினாலும், முடிக்க சுமார் 475 நாள் ஆகும்!

1-ஆலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத பகா எண் இது. 2018-ல் கண்டறியப்பட்ட முந்தைய சாதனை எண்ணைவிட 1.6 கோடி இலக்கங்கள் அதிகம். என்விடியா நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த லூக் டுரான்ட், பல நாடுகளின் கிளவுட் சர்வர்களில் இருந்த கிராபிக்ஸ் சிப்களை வாடகைக்கு எடுத்து இதைக் கண்டுபிடித்தார். 1996 முதல் தன்னார்வலர்களின் கணினிகளைக் கொண்டு நடக்கும் 'கிம்ப்ஸ்' தேடலின் ஒரு பகுதி இது.

இந்த எண்ணில் என்ன ஸ்பெஷல்?

இது 'மெர்சென் பகா எண்' வகை. அதாவது, 2-இன் அடுக்கிலிருந்து 1 குறைவு. நமக்குத் தெரிந்த 52-வது மெர்சென் பகா எண் இதுதான். 3, 7, 31 எல்லாம் இதே குடும்பம்தான். கணினியின் இரும எண் முறையில் எழுதினால், ஒரு பூஜ்ஜியம்கூட இல்லாமல் 13.6 கோடி ஒன்றுகள் வரிசையாக நிற்கும்.

அடுக்கு பகா எண்ணாக இருந்தால்தான் விடையும் பகா எண் ஆக முடியும். ஆனா அது மட்டும் போதாது. 11 பகா எண்தான். ஆனால் 2-இன் 11-வது அடுக்கில் 1-ஐக் கழித்தால் வரும் 2047, 23 × 89 என்று உடைந்துவிடும்.

பகா எண்தான்னு எப்படி உறுதி செய்றாங்க?

ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்ப்பது நடக்காத காரியம். அதற்குத்தான் லூக்கா–லெமர் சோதனை. 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியை வைத்துத் தொடருங்கள். அடுக்கைவிட 2 குறைவான முறை செய்த பிறகு மீதி 0 வந்தால், பகா எண்!

31-க்கு அடுக்கு 5, அதனால் 3 முறை. 4 → 14 → 194 (31-ஆல் வகுத்தால் மீதி 8) → 62. இது 31-ஆல் மீதியின்றி வகுபடுகிறது. அவ்வளவுதான்.

எந்த எண்ணையும் சோதிக்க உதவும் வேகமான, துல்லியமான பொது முறையை 2002-ல் தந்தவர்கள் ஐஐடி கான்பூரின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. ஆனால் மெர்சென் எண்களுக்கு லூக்கா–லெமர்தான் இன்னும் வேகம்.

சரி, நம்ம பணம் இதனால பாதுகாப்பாகுமா?

இல்லை. பல இணையதளங்கள் பயன்படுத்தும் 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவி, தலா சுமார் 300 இலக்கம் கொண்ட இரண்டு பகா எண்களின் பெருக்கல். அந்த இரண்டும் யாருக்கும் தெரியக் கூடாது என்பதில்தான் பாதுகாப்பே இருக்கிறது. உலகத்துக்கே தெரிந்த எண் ரகசியத்துக்கு உதவாது.

உண்மையான ஆபத்து வேறு. இரண்டு சாவிகள் தெரியாமல் ஒரே பகா எண்ணைப் பகிர்ந்தால், பள்ளியில் படித்த மீப்பெரு பொதுக் காரணி கணக்கு போதும், இரண்டுமே உடைந்துவிடும். இணையத்தில் இருந்த சாவிகளை 2012-ல் ஆய்வாளர்கள் அலசியபோது, ரவுட்டர் போன்ற கருவிகளில் ஆயிரக்கணக்கான சாவிகள் இப்படிச் சிக்கின. காரணம், எண்களை எதேச்சையாகத் தேர்ந்தெடுப்பதில் அந்தக் கருவிகள் சொதப்பியதுதான்.

ஆக, எண் எவ்வளவு பெரியது என்பது சாதனைப் பட்டியலுக்குத்தான் முக்கியம். உங்க கணக்கைக் காப்பது, யாராலும் ஊகிக்க முடியாத எண்.