மலையும் மன்றமும் – 11: ஜாமீன் கிடைத்த பிறகும் உள்ளே

சென்னை உயர் நீதிமன்றத்தின் ஜாமீன் உத்தரவுகள் சிலவற்றை அடுத்தடுத்துப் படித்தால் சில வரிகள் திரும்பத் திரும்ப வரும். இரண்டு பேர் ஜாமீன் கொடுக்க வேண்டும். சில வழக்குகளில், அவர்களில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும். பிணைப் பத்திரத்தில் ஜாமீன்தாரரின் போட்டோவை ஒட்டி, இடது கைப் பெருவிரல் ரேகையும் வைக்க வேண்டும். ஆதார் அட்டை அல்லது பேங்க் பாஸ்புக் நகல் வேண்டும். வெளியே வருகிறவர் மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்த உத்தரவைத் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலைமேல் வைத்துப் படியுங்கள். சாமையும் மரவள்ளியும் விளையும் சரிவுகளில் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்கள். வசிப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். ஜாமீன் கொடுக்க வருகிற இரண்டு பேரும் அன்றைய கூலியை விட்டுவிட்டு மலை இறங்கி வர வேண்டும். ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் வேறு எழுத்து என்றால் அன்றைக்கு வேலை நடக்காது. வீட்டு வரி ரசீது கேட்டால் அதற்கு ஒரு நாள், வி.ஏ.ஓ. சான்று கேட்டால் அதற்கு இன்னொரு நாள். தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்துக்குப் பட்டா இல்லாதவர், சொத்துக் காட்டச் சொன்னால் எதைக் காட்டுவார்? ஜாமீன் உத்தரவு கைக்கு வந்த பிறகும் ஆள் உள்ளேயே இருப்பது இப்படித்தான். வெளியே வந்தாலும், தினமும் காலை 10.30 மணிக்கு மலையடிவாரத்து ஸ்டேஷனில் நிற்க வேண்டியவன் எந்தக் கூலி வேலைக்குப் போவான்?

அந்த நிபந்தனையைத் தளர்த்தக் கோரி மனுப் போடலாம். அதை யார் போடுவது என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் 12ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்போர் எல்லோருக்கும் இலவச வக்கீல் உண்டு. சித்தேரிக்காரர் கைதானால் இரண்டு வகையில் தகுதி பெறுகிறார்; வருமானச் சான்றுக்கு அலைய வேண்டியதில்லை. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். ஆனால் முன்பெல்லாம் இந்த வேலையைப் பேனல் வக்கீல்கள் தங்கள் சொந்த வழக்குகளுக்கு நடுவே பார்த்தார்கள், வழக்குக்கு இவ்வளவு என்ற சிறு கட்டணத்துக்கு. 2022இல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு இதை மாற்றியது. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, வேறு வழக்கு எடுக்காமல், குற்றம் சாட்டப்பட்டவருக்காக மட்டும் முழு நேரமும் வாதாடும் வக்கீல்கள் கொண்ட அலுவலகங்கள் வந்தன. அரசு வக்கீலுக்கு எதிர்ப் பக்கத்தில், அரசுப் பணத்திலேயே ஒரு வக்கீல். இந்த நாட்டின் ஏழைக்கு நிகழ்ந்த பெரிய காரியங்களில் இது ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

இந்த அலுவலகத்தின் தலைமை வக்கீலுக்குக் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் வேண்டும். உதவி வக்கீலுக்கு மூன்று ஆண்டு வரை அனுபவம் போதும். இப்போதுதான் பதிவு செய்தவர்கூட வரலாம். அதாவது இன்றைய இறுதியாண்டு மாணவர் நாளை உட்காரப்போகும் நாற்காலி அது. அந்த மாணவரை இன்றே அந்த அலுவலகத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

மாணவர் கோர்ட்டில் வாதாட முடியாது. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. ஆனால் மேலே சொன்ன வேலைகளில் எதற்குக் கறுப்புக் கோட்டு வேண்டும்? மலைக்குப் போய்க் குடும்பத்தைப் பார்ப்பது, ஜாமீன் கொடுக்க ஆள் தேடுவது, இரண்டு அட்டைகளிலும் பெயர் ஒத்துப்போகிறதா என்று முன்கூட்டியே பார்ப்பது, எந்தத் தேதியில் கைது, எத்தனை நாள் ஆயிற்று, குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்றா என்று கணக்கு வைப்பது. 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். அந்த நாளைக் கவனித்துக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும். ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் வெளியே வராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் வழிகாட்டியது. தகவல் வந்தபின் ஊருக்குப் போய்வர ஆள் வேண்டுமே.

மாநில எல்லை தாண்டிவிட்டால் இது இன்னும் மோசம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி, ஆந்திரப் போலீஸார் 20 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். செத்தவர்களில் சித்தேரி மலையைச் சேர்ந்த கூலிகளும் உண்டு. அதற்கு முன்பு, 2013 டிசம்பரில் அதே காட்டில் இரண்டு வன அதிகாரிகள் கொல்லப்பட்ட வழக்கில் சிக்கிய தமிழ்க் கூலிகள் ஏறக்குறைய முந்நூறு பேரை 2016இல் திருப்பதி நீதிமன்றம் விடுவித்தது. விடுதலை வருமுன் இரண்டு ஆண்டுக்கு மேல் போய்விட்டது. தெலுங்கு தெரியாது, ஜாமீன் கொடுக்க உள்ளூரில் ஆள் கிடையாது. வேற்று மாவட்டத்து ஜாமீன்தாரரை ஏற்க மறுத்ததை உச்ச நீதிமன்றம் 1978லேயே, மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கில், கடுமையாகக் கண்டித்திருக்கிறது. நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய அந்தத் தீர்ப்பின் நகலோடு சித்தூர் கோர்ட்டில் ஒரு தமிழ் மாணவர் நின்றிருந்தால், அங்குள்ள இலவச வக்கீலுக்கு அதுவே பாதி பலம்.

மாணவர்களுக்கு இதற்கு நேரம் இல்லாமல் இல்லை. மூன்றாண்டு படிப்பில் குறைந்தது 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரம் பயிற்சி கட்டாயம் என்கின்றன பார் கவுன்சிலின் 2008 விதிகள். தருமபுரியில் 2017 முதல் அரசு சட்டக் கல்லூரியும் இயங்குகிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது: இந்தப் பயிற்சிக்குப் பணம் கிடையாது. விடுமுறையில் கூலிக்குப் போய் அடுத்த பருவக் கட்டணம் சேர்க்கும் பிள்ளைதான் மலையின் பேச்சையும் வழியையும் அறிந்த பிள்ளை. அவருக்குச் சம்பளமில்லாப் பயிற்சி கட்டுப்படியாகாது. வசதியுள்ளவர் சென்னையில் பெரிய வக்கீல் அலுவலகத்துக்குப் போய்விடுவார். மலைக்கு வருபவர் யார்?

அமெரிக்காவில் ஏழைக்கு வக்கீல் வைப்பது அரசின் கடமை என்று கிடியன் வழக்கில் 1963இல் தீர்ப்பு வந்தது. மறு ஆண்டே, படிக்கும்போதே வேலை செய்து சம்பாதிக்கும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. இன்று அந்தப் பணத்தில் சட்ட மாணவர்கள், குற்றம் சாட்டப்பட்டவருக்காக அரசுச் செலவில் வாதாடும் வக்கீல் அலுவலகங்களில் வேலை பார்க்கிறார்கள். பல மாநிலங்களில் மூத்த வக்கீல் பக்கத்தில் நிற்க, மாணவரே வாதாடவும் செய்கிறார். நமக்கு அந்த அளவுக்குப் போகச் சட்டத் திருத்தம் வேண்டும். பயணப்படியும் சாப்பாட்டுச் செலவும் மாத உதவித்தொகையும் கொடுக்க அது தேவையில்லை. இளம் வக்கீல்களுக்கு மாதம் 15,000 முதல் 20,000 ரூபாய் வரை உதவித்தொகை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னது. மாணவரை நினைக்க யாரும் இல்லை.

சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறையும் போலீஸும் வருவாய்த் துறையும் நடத்திய வெறியாட்டத்துக்குப் பிறகு, நூற்றுக்கும் மேற்பட்டோர், குழந்தைகளோடு, சேலம் சிறைக்குப் போனார்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்கள் அவர்களுள் இருந்தார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் போராடி, சி.பி.ஐ. விசாரித்து, 269 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. உயிரோடிருந்த 215 பேரும் 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரியில் தண்டிக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். முப்பத்தோராண்டு. அந்தப் பெண்கள் ரிமாண்டுக்காக நிறுத்தப்பட்ட முதல் நாளில், சொல்லப் பயந்ததைத் தனியே உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ள அரசுச் சம்பளத்தில் ஒரு வக்கீலும், அவர்களின் பேச்சு தெரிந்த ஒரு மாணவியும் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிக்கிறேன். தருமபுரி ஆணைக்குழுவும் சட்டக் கல்லூரியும் உட்கார்ந்து பேசினால், வருகிற கோடை விடுமுறையிலேயே மலைக்குக் கீழே உள்ள அரூரில் இரண்டு மாணவர்களை உதவித்தொகையோடு நியமிக்கலாம். அதில் ஒரு இடம் மலைப் பிள்ளைக்கு என்று எழுதி வைத்துவிட வேண்டும்.

(தொடரும்)