கூரைக்குப் பிறகு

தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுப் பொதுக்கூட்டம் எப்படி நடக்கும் என்பது பினாங்கு வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். கணக்கறிக்கை வாசிப்பார்கள். மண்டபத்துக் கூரை ஒழுகுவதைப் பேசுவார்கள். பேருந்துக் கட்டணம், சிற்றுண்டிச்சாலை விலை, நிதி விருந்தில் வசூலான தொகை எல்லாவற்றுக்கும் கை உயரும். மூன்றாம் ஆண்டில் எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்க வருகிறது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. கேட்டால் ஆசிரியரைக் குறை சொன்னதாகிவிடுமோ என்று பெற்றோருக்குத் தயக்கம். பதில் சொன்னால் வீட்டைக் குறை சொன்னதாகிவிடுமோ என்று ஆசிரியருக்குத் தயக்கம்.

இந்தத் தயக்கத்துக்கு வயது அதிகம். 1816இல் ஹட்சிங்ஸ் பாதிரியார் ஜார்ஜ்டவுனில் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் நடந்த தமிழ் வகுப்பை நம் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொண்டு, 2016இல் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். ஆனால் இன்றுள்ள 28 பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. செபராங் பிறையில் வால்டோர், பைராம், டிரான்ஸ்கிரியான் என்று பெயரிலேயே தோட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தீவுப் பக்கம் வந்தால் இராமகிருஷ்ணா, இராஜாஜி, சுப்பிரமணிய பாரதி, ஆசாத். அந்தக் காலத்து வீட்டுக் கூடங்களில் யார் படம் தொங்கியது என்பதை இந்தப் பெயர்களை வைத்தே சொல்லிவிடலாம்.

தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை பகுதி உதவி பெறுபவை. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்துடையது. நிலமும் கட்டடமும் பெரிதும் சமூகத்தின் தலையில். ஆகவே தலைமுறை தலைமுறையாகப் பெற்றோர் பங்களிப்பு என்றாலே சுவர், கூரை, நிலம், நன்கொடை என்றாயிற்று; வகுப்பறையைப் பற்றிப் பேசும் பழக்கம் வளரவில்லை. சுதந்திரம் பெற்ற 1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530க்கும் குறைவு. எஞ்சியவை நிற்கின்றன என்றால் அந்த உழைப்பும் ஒரு காரணம். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. தமிழ்நாட்டில் காமராசர் காலத்துப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் ஊரைக் கூட்டிக் கட்டடமும் தளவாடமும் திரட்டியவைதாம். ஆனால் கூரை போட்ட பிறகு அதன் கீழே நடப்பதில் ஊருக்கு என்ன பங்கு?

இந்தக் கேள்வியை நெடுங்காலம் ஒத்திப்போட உதவியது யு.பி.எஸ்.ஆர். தேர்வு. 1988 முதல் ஆறாம் ஆண்டு முடிவில் ஒரே நாளில் எல்லாம் தெரிந்துவிடும். ஏழு ஏ, 2016 முதல் எட்டு ஏ. பிள்ளையின் படம் நாளிதழில் வந்தால் பள்ளியும் வீடும் வெற்றி. வராதவர்களைப் பற்றி அதிகம் பேச்சில்லை. 2021இல் தேர்வை ஒழித்தார்கள். இப்போதிருப்பது வகுப்புசார் மதிப்பீடு. ஒவ்வொரு பாடத்திலும் ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலை. “என் பிள்ளைக்கு மூன்று” என்று சொல்லும் தாய்க்கு அது நல்லதா, கெட்டதா என்று விளங்குவதில்லை. வகுப்பில் எத்தனையாவது என்று கேட்டுப் பழகியவர். அந்த எண்ணும் இப்போது கிடையாது. ஆசிரியர் விளக்கினால்தான் உண்டு. தேர்வு போனதால் பேச்சு தேவைப்படுகிறது. பேச ஏற்பாடுதான் இல்லை.

பெற்றோர் வருவதில்லை என்பது ஆசிரியர் அறைகளில் அடிக்கடி கேட்கும் குறை. எப்போது கூப்பிடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 1972இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கியதிலிருந்து பினாங்குக் குடும்பங்கள் பலவற்றின் நாள், ஷிப்ட் கணக்கில்தான் ஓடுகிறது. இரவெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டுக் காலையில் வீடு திரும்பும் தந்தையைப் பத்து மணிக் கூட்டத்துக்கு அழைத்துவிட்டு, அவர் வரவில்லை என்று அக்கறையின்மைக் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தால் பெரும்பாலான அம்மாக்களின் முதல் வார்த்தை, “என்ன செய்தான் டீச்சர்?” என்பதே. நல்ல செய்திக்காக யாரும் அழைத்ததில்லை என்பது அதிலிருந்தே தெரிகிறது.

அதிகம் பேசப்படாத இன்னொரு தடை உண்டு. தமிழ்ப்பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோரில் சிலர் தேசியப் பள்ளியில் படித்தவர்கள். தமிழ் பேசுவார்கள், வாசிக்க வராது. பின்னமும் தசமமும் அவர்களுக்கு மலாயில்தான் தெரியும். வீட்டுப்பாடக் குறிப்பைத் தமிழில் மட்டும் அனுப்பினால் அவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். வெட்கத்தால் வெளியே சொல்வதும் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடக் குரல்பதிவு இதற்குப் போதும். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடியபோது ஆசிரியர்கள் இதைத்தான் செய்தார்கள். கதவு திறந்ததும் ஏனோ அந்த வழக்கம் பல இடங்களில் தேய்ந்துவிட்டது.

சட்டத்தைக் காரணம் காட்டுவோரும் உண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கான 1998ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, பள்ளி நிர்வாகத்தில் சங்கம் தலையிடக் கூடாது என்கிறது. சரிதான்; நாற்பது பெற்றோர் சேர்ந்து கால அட்டவணை போட முடியாது. ஆனால் தலையிடுவது வேறு, உட்கார்ந்து பேசுவது வேறு. அதே ஒழுங்குமுறைப்படி தலைமையாசிரியரே சங்கத்தின் ஆலோசகர். கூட்டத்தில் வாசிப்பைப் பற்றி அரைமணி நேரம் ஒதுக்குங்கள் என்று அவர் சொன்னால் எந்தச் செயலாளரும் மறுக்கப்போவதில்லை. தலைமையாசிரியர், ஆசிரியர், பெற்றோர் என்ற மூவர் கூட்டில் முதல் அடி தலைமையாசிரியருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. பெற்றோர் தாமாக வந்து வகுப்பறைக் கதவைத் தட்டமாட்டார்கள்.

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1968இல் யேல் பல்கலைக்கழக மனநல மருத்துவர் ஜேம்ஸ் கோமர் இதை இரண்டு தொடக்கப்பள்ளிகளில் செய்து பார்த்தார். ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் படித்த, மதிப்பெண்ணில் நகரத்திலேயே அடிமட்டத்தில் இருந்த பள்ளிகள். தலைமையாசிரியர், ஆசிரியர், பெற்றோர் மூவரும் ஒரே குழுவில் அமர்ந்தார்கள். முதல் ஆண்டு சச்சரவாகத்தான் போயிற்று. அவர் வகுத்த விதிகளில் எனக்குப் பிடித்தது முதலாவது: யார் மீதும் பழி போடக் கூடாது, சிக்கலை மட்டும் பேச வேண்டும். 1980களில் அவருடைய திட்டப் பள்ளிகள் நகரின் முன்வரிசைக்கு வந்துவிட்டன. பிள்ளைகள் அதே ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள்தாம்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் என்ற கல்வி அமைப்பு நம் கண்ணெதிரில் இருக்கிறது. அது வெறும் டியூஷன் வகுப்பாக நின்றுவிடவில்லை என்றால், பெற்றோரையும் உள்ளே இழுத்ததுதான் காரணம். அதன் கல்வி யாத்திரையில் தேர்வெழுதும் பிள்ளையோடு அப்பா அம்மாவும் நடக்கிறார்கள். அதை வெறும் பக்திச் சடங்கு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். இது நம் பிள்ளை, நம் வேலை என்று ஒரு தந்தையை மற்றவர் முன்னால் ஒப்புக்கொள்ள வைக்கும் கூட்டமாகவே நான் அதைப் பார்க்கிறேன். தமிழ்ப்பள்ளிக்குள் அதற்கு ஈடான ஏற்பாடு என்ன?

இப்படிப் பெற்றோரை உள்ளே இழுப்பதில் பெரிய பள்ளிகளைவிடச் சிறிய பள்ளிகளுக்கே வாய்ப்பு அதிகம். 150 மாணவருக்குக் குறைந்தால் அரசுக் கணக்கில் அது குறைந்த மாணவர் கொண்ட பள்ளி; நம் பேச்சில் அது மூடிவிடுவார்களோ என்ற கவலை. அங்கே ஒரு வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள்தான். ஒரு தலைமையாசிரியர் வாரம் ஐந்து வீட்டுக்குப் பேசினால் ஓராண்டுக்குள் பள்ளியில் உள்ள எல்லா வீட்டையும் தொட்டுவிடலாம். இரவு எட்டு மணிக்குப் பிறகு அழைத்தால் எடுப்பார்கள்.