பெண் கல்விக்கு நாம் சொல்லும் காரணங்கள்

"ஒரு தாய் படித்தால் ஒரு குடும்பமே படிக்கும்" என்ற வாசகத்தை நமது பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களில் கேட்காதவர்கள் இருக்க முடியாது. பிழையான வாசகம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பெண்ணிலைவாதிகள் இந்த வாசகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறார்கள். பிள்ளை இல்லாத பெண்ணுக்கு, கலியாணம் ஆகாத பெண்ணுக்குப் படிப்பு எதற்கு? மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது "நாளைக்கு நல்ல வாப்பாவாக வருவான்" என்று எந்த வீட்டிலும் காரணம் சொல்வதில்லையே?

(பெண்ணிலைவாதம் என்ற சொல்லைக் கேட்டதுமே சிலருக்கு முகம் சுருங்கிவிடும். தமிழகத்தார் பெண்ணியம் என்பதைத்தான் நாம் இங்கே பெண்ணிலைவாதம் என்கிறோம். பெண் நிற்கும் இடத்திலிருந்து விஷயங்களைப் பார்ப்பது என்ற அளவில் இக்கட்டுரைக்குப் போதும்.)

எந்தக் காரணத்தைச் சொல்லி ஒரு கதவைத் திறக்கிறோமோ, உள்ளே போனவர் எந்த அறை வரைக்கும் போகலாம் என்பதையும் அதே காரணம் தீர்மானித்து விடுகிறது. நல்ல தாயாவதற்காகப் படிக்க அனுப்பப்பட்டவள், தாயாகும் வயது வந்ததும் "படித்தது போதும்" என்று சொல்லப்படுகிறாள். அதில் முரண்பாடு எதுவும் இருப்பதாக வீட்டாருக்குத் தோன்றுவதில்லை. சொன்ன காரணம் நிறைவேறிவிட்டதல்லவா?

இந்தக் காரணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. நஸீர் அஹ்மத் 1869இல் எழுதிய 'மிர்ஆத்துல் அரூஸ்' என்ற உருது நாவலில் இரு சகோதரிகள் வருகிறார்கள். படிக்காத மூத்தவள் குடும்பத்தைக் குலைக்கிறாள், படித்த இளையவள் கணக்கு வழக்குப் பார்த்துக் குடும்பத்தை உயர்த்துகிறாள். அன்றைய ஆங்கிலேய அரசு அந்நூலுக்குப் பரிசு வழங்கியது. பெண் படிக்க வேண்டும் என்று துணிந்து சொன்ன நூல்தான், ஆனால் அவளது படிப்பு வீட்டு வாசற்படியில் முடிந்து விடுகிறது.

அந்த வாசற்படியைத் தாண்டி யோசித்தவர் வங்காளத்தின் பேகம் ருகையா. இரவில் வீடு உறங்கிய பிறகு மூத்த சகோதரரிடம் ஆங்கிலம் கற்றவர். அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' என்ற கதை 1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஒரு பெண்கள் சஞ்சிகையில்தான் அச்சேறியது. அக்கதையில் ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள், பெண்கள் நாட்டை நடத்துகிறார்கள். பலரும் இந்தத் தலைகீழ் வேடிக்கையை மட்டும் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த நாட்டில் பெண்களுக்கென்று இரண்டு பல்கலைக்கழகங்கள். ஒன்று வானத்திலிருந்து நேரடியாக நீர் எடுக்கும் வழியைக் கண்டுபிடிக்கிறது, மற்றது சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறது. படையெடுத்து வந்த எதிரியை விரட்டியதும் ஒரு பெண் அதிபரும் அவரது மாணவிகளும், அந்த வெப்பத்தைக் கொண்டுதான். இருபத்தொரு வயதுக்கு முன் எந்தப் பெண்ணுக்கும் கலியாணம் இல்லை என்பது அரசியின் சட்டம். ருகையாவின் பெண்கள் பாடத்தை மனனம் பண்ணி ஒப்புவிப்பவர்கள் அல்லர், புதிய அறிவை உண்டாக்குகிறவர்கள்.

கதைக்கு வெளியே நிலைமை வேறு. 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவிகளுடன் அவர் பாடசாலை தொடங்கினார். பிள்ளைகளை ஏற்றிவர ஏற்பாடு செய்த வண்டியை பர்தாவுக்காக எவ்வளவு இறுக்கி மூட வேண்டியிருந்ததென்றால், காற்றில்லாமல் சிறுமிகள் மயங்கி விழுந்தார்கள். அதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

நமது நாட்டில் சித்தி லெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர், கண்டியில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியும் நடத்தியவர். ஆனாலும் கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி வர 1946 ஆக வேண்டியிருந்தது. அதன் முதல் அதிபர் ஆயிஷா ரவூப் கேரளத்திலிருந்து வந்தவர். பாடசாலையோடு நிற்காமல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவாகி, பிரதி மேயராகவும் இருந்தார். ஒரு பெண் அதிபர் அரசியல் மேடையில் நின்று வாக்குக் கேட்டிருக்கிறார் என்று என் உயர்தர வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் இன்றைக்கும் நம்பாமல் பார்க்கிறார்கள்.

இலவசக் கல்வி வந்தபின் எண்ணிக்கை மளமளவென்று கூடியது. இன்று நமது பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அரச பாடசாலை ஆசிரியர்களிலும் நான்கில் ஏறத்தாழ மூன்று பங்கு பெண்கள்தான். "டீச்சர் வேலை பொம்பளப் புள்ளைக்குப் பாதுகாப்பு, ரெண்டு மணிக்கு வீட்ட வந்திரலாம்" என்பது எங்கள் ஊரில் பெண் பார்க்க வருபவர்களும் சொல்லும் பேச்சு. இரண்டு மணிக்கு வீட்டுக்கு வருவது எதற்காக என்று நான் சொல்லத் தேவையில்லை. அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஷைல்ட் 1989இல் இதற்கு 'இரண்டாவது ஷிப்ட்' என்று பெயர் வைத்தார். சம்பளமுள்ள வேலை முடிய, சம்பளமில்லாத வேலை தொடங்குகிறது. முதுமாணி, கலாநிதிப் பட்ட ஆய்வு செய்யும் வயதும் பிள்ளை பெற்று வளர்க்கும் வயதும் ஒன்றாகவே வருவதால், ஆய்வுதான் விட்டுக்கொடுக்கப்படுகிறது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கி, ஒரு பெண் முதன்முதலாக உபவேந்தர் கதிரைக்கு வர 1999 ஆனது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சாவித்திரி குணசேகர. ஐம்பத்தேழு வருடம்! மேற்கைப் பார்த்து ஏங்கவும் அவசியமில்லை. கேம்பிரிட்ஜ் பெண்களைப் பரீட்சை எழுத விட்டாலும், முழுமையான பட்டத்தை 1948 வரைக்கும் கொடுக்கவில்லை.

ஊடகத்துக்கு வருவோம். எந்தச் செய்தியில் யார் பேசுகிறார், யாரைப் பற்றிப் பேசப்படுகிறது என்று 1995 முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை உலகளாவிய ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. 1995இல் செய்திகளில் இடம்பெற்றவர்களில் பெண்கள் 17 வீதம். 2020இல் 25 வீதம். அப்படி வரும் பெண்களிலும் அதிகமானோர் பாதிக்கப்பட்டவராக, கண்ணால் கண்டவராக வருகிறார்கள். விளக்கம் சொல்லும் நிபுணராக வருபவர் குறைவு. அழும் தாயின் படம் முதற்பக்கத்திலும், அவளது அழுகைக்கான காரணத்தை விளக்கும் ஆணின் கட்டுரை நடுப்பக்கத்திலும் வருவது நமக்கும் பழக்கமானதுதான்.

இலங்கை வானொலி முஸ்லிம் சேவையின் 'மாதர் மஜ்லிஸ்' நிகழ்ச்சியை நாற்பது தாண்டிய எவரும் மறந்திருக்க மாட்டார்கள். தபாலட்டை எழுதத் தெரிந்த உம்மாமார் தங்கள் பெயரை ரேடியோவில் கேட்டது அதில்தான். மேடை ஏற முடியாத பெண்ணுக்கு எழுத்துப் பிரதியும் குரலும் வழி திறந்தன. அதன் பெறுமதியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் "பெண்களுக்கான நேரம்" என்று ஒன்றை ஒதுக்கினால், மற்ற நேரமெல்லாம் யாருக்கானது என்பது சொல்லாமலே முடிவாகிவிடுகிறது. பத்திரிகைகளின் மாதர் பக்கமும் அப்படித்தான். சமூகம், பொருளாதாரம், ஷரீஆ என்று வரும் பக்கங்களுக்கு எழுதும்படி நம் பட்டதாரிப் பெண்களை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்?

பரீட்சைப் பெறுபேறு வந்ததும் சந்தியில் தொங்கும் பேனர்களையும் கவனியுங்கள். ஆண்பிள்ளைகளின் படம், பெண்பிள்ளையின் இடத்தில் ரோஜாப்பூ. படம் போட விரும்பாத பிள்ளையின் விருப்பத்தை மதிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. பெயரையாவது முழுமையாக, பிழையில்லாமல் போடலாமே.

இதெல்லாம் மார்க்கத்துக்கு வெளியே இருந்து வந்த பேச்சு என்று சிலர் சொல்வதுண்டு. ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்த ஹதீஸ்கள் 2210 என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் அவர்கள் கேட்டதை அப்படியே சொன்னவர்கள் மட்டுமல்லர். ஸஹாபாக்கள் அறிவித்தவற்றை எங்கெங்கே திருத்தினார்கள் என்பதைப் பதினான்காம் நூற்றாண்டில் இமாம் ஸர்கஷி தனி நூலாகவே தொகுத்திருக்கிறார். நம் காலத்தில் மௌலானா அக்ரம் நத்வி பெண் முஹத்திஸ்களின் பெயர்களைத் தேடத் தொடங்கினார். ஒரு சிறு நூல் வரும் என்று எண்ணியது 2021இல் 43 பாகங்களாக அச்சில் வந்தது. ஏறத்தாழப் பத்தாயிரம் பெண்கள். நம் மேடைகளில் பாத்திமா அல்-பிஹ்ரியின் பெயர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். இப்போது ஊருக்கு ஊர் பெண்கள் அரபுக் கல்லூரி இருக்கிறது. அங்கே பட்டம் பெறும் மௌலவியா ஒருவர் தன் உஸ்தாதின் கருத்தைத் திருத்தி எழுதினால் அதை அச்சிட யாராவது முன்வருவார்களா என்பதுதான் ஸர்கஷியின் நூலை வாசிக்கும்போது எனக்கு வரும் யோசனை.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி தமிழ் சிறப்புப் பட்டத்துக்குத் தன் ஊர்ப் பெண்கள் பாடும் நாட்டார் கவிகளை ஆய்வு செய்தாள். கிழக்கின் கவிகளுக்குத் தொகுப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. பலவற்றில் தொகுத்தவரின் பெயர் அட்டையில் நிற்கும், பாடியவர் "ஒரு மூதாட்டி" என்று உள்ளே நிற்பார். இவள் பின்னிணைப்பில் பதினொரு உம்மம்மாமாரின் பெயர், வயது, யாரிடமிருந்து அக்கவியைக் கேட்டார்கள் என்பது வரை எழுதி வைத்திருக்கிறாள். அவர்களில் நால்வர் இப்போது மௌத்தாகிவிட்டார்கள். பட்டமளிப்பு முடிந்த அடுத்த மாதம் கலியாணம். "முடிச்சிட்டுப் படிக்கலாம் தானே மகள்" என்றார் உம்மா. ஆய்வேட்டின் ஒரு பிரதி பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது, மற்றது அவளது வீட்டு அலுமாரியில். ஆய்வுச் சஞ்சிகை நடத்துபவர்கள் இப்படியான பிரதிகளைத் தேடிப் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. தபாலில் தானாக வந்து சேரும் என்று காத்திருந்தால் வராது. இவளிடம் பின்னிணைப்பை மட்டுமாவது முதலில் தட்டச்சு செய்து தரும்படி சொல்லியிருக்கிறேன். சின்னவன் உறங்கிய பிறகு செய்கிறாளாம், ஆறு பேர் முடிந்திருக்கிறது.