புல் முளைக்காத இடமெல்லாம் நஞ்சல்ல

ஒரு செடி இலையிலோ வேரிலோ இருந்து வேதிப்பொருளைக் கசியவிட்டு, அண்டையில் முளைப்பதை அடக்குவதுண்டு. ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹான்ஸ் மோலிஷ் 1937இல் இதற்கு ‘அல்லெலோபதி’ என்று பெயர் வைத்தார். தைலமரத்தடியில் புல் முளைக்காததைப் பார்த்தவர்கள் இதை எளிதில் நம்பிவிடுவார்கள். ஆனால் தரை வெறுமையாக இருப்பது மட்டுமே நஞ்சுக்குச் சாட்சியாகாது. நிழல், வேர் உறிஞ்சும் நீர், மேயும் உயிர்கள் என வேறு காரணங்களும் அங்கே இருக்கின்றன. கலிபோர்னியா ஆய்வாளர்கள் இதை நன்றாகவே உணர நேர்ந்தது. சான்டா பார்பரா பகுதிக் குன்றுகளில் வளரும் சால்வியா என்ற நறுமணப் புதரைச் சுற்றி ஓரிரு மீட்டர் அகலத்துக்குப் புல்லே இருக்காது. புதரின் இலை வெளிவிடும் கற்பூரம், சினியோல் ஆவிகள்தான் காரணம் என்று கார்னீலியஸ் முல்லரும் அவர் குழுவினரும் 1964இல் எழுதினார்கள். ஆய்வகத்தில் அந்த ஆவிகள் நாற்றின் வேரை ஒடுக்கவும் செய்தன. ஆனால் பார்த்தலோமியூ என்பவர் அந்த வெற்றுத்தரையில் விலங்குகள் நுழையாதபடி கம்பிவலை அடைத்துப் பார்த்தார். 1970இல் வெளியான அவர் முடிவின்படி, வலைக்குள் புல் வளர்ந்தது. புதர் அங்கேயேதான் இருந்தது, அதன் மணமும் இருந்தது. வராமல் போனவை, புதரில் பதுங்கியபடி அக்கம்பக்கத்துப் புல்லைத் தின்ற சிறு விலங்குகள் மட்டுமே.

அப்படியானால் அல்லெலோபதியே பொய்யா என்று கேட்கலாம். பொய்யில்லை, நெல்லே அதற்குச் சான்று. நெல்லின் வேர் மோமிலாக்டோன் என்ற பொருளைக் கசியவிடுகிறது. அதை உண்டாக்கும் மரபணுவை முடக்கிய நெற்செடிகளால், வயலில் தொல்லை தரும் குதிரைவாலி இனக் களைப்புல்லை முன்போல் அடக்க முடியவில்லை என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. நெல் அதே நெல்தான், குறைந்தது அந்த ஒரு பொருள்தான். இலையை அரைத்த சாற்றைத் தட்டிலுள்ள விதைமேல் ஊற்றும் சோதனைக்கு இந்த வலு கிடையாது. சாற்றில் இருக்கும் அடர்த்தி மண்ணில் இருக்க வேண்டியதில்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அப்பொருளைச் சிதைத்தும் விடலாம்.

பயிர் வளரவில்லை என்றால் போதாதா, காரணம் எதுவானால் உழவருக்கென்ன என்பார்கள். காரணத்தைப் பொறுத்துத்தான் மருந்தே மாறுகிறது. நிழல் என்றால் கிளை கழிக்கலாம், நீர் என்றால் இடைவெளியைக் கூட்டலாம், மேய்ச்சல் என்றால் வேலி போடலாம். உண்மையிலேயே வேதிப்பொருள் என்றால், களையைத் தானே அடக்கும் நெல் ரகங்களைத் தேர்ந்து களைக்கொல்லிச் செலவைக் குறைக்க வழி பிறக்கும். ஆகவே ஒரு மரம் மண்ணைக் கெடுக்கிறது என்று யாராவது சாற்றுச் சோதனையைக் காட்டினால், நிலத்தில் செய்த சோதனை எங்கே என்று கேளுங்கள்.