ஐந்து சரியென்றால் ஆறாவதும் சரியா?

இன்று ஒரே ஓர் எண்ணைப் பற்றிப் பேசப் போகிறேன். அது 4,294,967,297. நான்கு பில்லியனைத் தாண்டிய எண். ஓர் எண்ணைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இந்த எண்ணைப் பற்றிய ஒரு தவறான கருத்து 92 ஆண்டுகள் மறுக்கப்படாமல் இருந்தது. அதுவும் ஒரு பெரிய மேதை சொன்ன கருத்து!

முதலில் இந்த எண் எப்படி வருகிறது என்று பார்ப்போம். 2-ஐ எடுத்துக் கொள்ளுங்கள். அதை அதனாலேயே பெருக்கினால் 4. நான்கை நான்கால் பெருக்கினால் 16. இப்படியே போனால் 256, பிறகு 65,536. இவை ஒவ்வொன்றுடனும் ஒன்றைக் கூட்டுங்கள். 3, 5, 17, 257, 65,537 என்று வரும். ஐந்துமே பகா எண்கள். அதாவது, ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாதவை.

பிரான்சின் தூலூஸ் நகர நீதிமன்றத்தில் பதவி வகித்த பியர் ட ஃபெர்மா இதைக் கவனித்தார். இந்த வரிசையில் வருபவை எல்லாமே பகா எண்கள்தான் என்று 1640-இல் கடிதம் எழுதினார். தம்மால் அதை நிரூபிக்க முடியவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. வரிசையில் ஆறாவதாக வருவதுதான் நம் எண்.

1729-இல் கோல்ட்பாக் என்ற அறிஞர், செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த இளைஞர் ஆய்லரிடம் இதைப் பற்றிக் கேட்டு எழுதினார். 1732-இல் ஆய்லர் விடை சொன்னார்: 641 × 6,700,417. பெருக்கிப் பாருங்கள், அதே எண் வரும். ஆறாவது எண் பகா எண் அல்ல!

641-ஐ எப்படிப் பிடித்தார்? சிறிய பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போனால், 116-ஆவது முறையில் 641 அகப்படும். ஆய்லர் பிறகு விளக்கிய வழி இதைவிடச் சுருக்கமானது. இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே ஆக வேண்டும் என்று அவர் காட்டினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று வரும். நான்கு தோற்கும், ஐந்தாவது வெல்லும். ஐந்தே வகுத்தல்கள்!

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆய்லரின் வழிக்கு அடிப்படையான தேற்றத்தைக் கண்டவர் ஃபெர்மாதான். அதே 1640-இல்தான். கையில் சாவியை வைத்துக்கொண்டே அவர் பூட்டைத் திறக்காமல் விட்டுவிட்டார்.

அதன்பின் கணினிகளும் வந்துவிட்டன. ஆனால் 65,537-க்கு அப்பால் இந்த வரிசையில் ஒரு பகா எண்கூட இதுவரை கிடைக்கவில்லை. ஐந்தைப் பார்த்து ஃபெர்மா “எல்லாம்” என்றார். அப்படியானால் “இனி எதுவுமே இல்லை” என்று நாம் சொல்லிவிடலாமா? அதையும் இன்றுவரை எவரும் நிரூபிக்கவில்லை.